அடுத்த விலைக்காரி

குளோரிக்கு ஏலத்தில் கை தூக்கும் பழக்கம் இல்லை. தாடையை ஒருமுறை மேலே இழுப்பாள். அது விலை கேட்டதாக அர்த்தம். மண்டைக்காட்டுக்கு மேற்கே அந்தக் கடற்கரையில் ஏலம் கூறும் இஸ்ரவேல், எத்தனை பேர் நெருக்கியடித்து நின்றாலும் அந்தத் தாடையை மட்டும் தவறவிட மாட்டார். தவறவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ஓய் இஸ்ரவேலு, எனக்க மொகத்துல ஒமக்குக் கண்ணு இல்லியா? கடலைப் பாத்து ஏலம் கூறினா மீனைக் கடலுக்கே வித்துப்போடும்!"

கரை முழுக்கச் சிரிக்கும்.

கல்யாணம் முடிந்த நாளிலிருந்து மீன் விற்கிறவள் அவள். அந்தக் காலத்தில் கோட்டாற்றுக்குப் போகும் பேருந்தில் மீன்பாத்திரத்தை ஏற்ற விடமாட்டார்கள். "மணக்குது, எறங்கு" என்றார் ஒரு நடத்துநர். "நேத்து நீரு சோத்துக்கு வச்சுத் தின்னது மணக்கல்லியா?" என்று கேட்டுவிட்டு, இறங்கி, பாத்திரத்தைத் தலையில் வைத்து நடந்தே போனவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் வாங்கியதில்லை. அவளை ஏமாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கரையில் ஒரு ஆண்மகன் இல்லை.

ஆனால் அவளுடைய நெஞ்சில் ஒரு முள் இருந்தது. அந்த முள்ளின் பெயர் கிளீட்டஸ்.

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் அவள் கணவன் ஏசுஅடிமையின் வள்ளம் துண்டுதுண்டாகப் போனது. பிறகு ஒரு தொண்டு நிறுவனம் ஃபைபர் வள்ளம் ஒன்றும் எஞ்சின் ஒன்றும் கொடுத்தது. வள்ளம் நிலைத்தது, எஞ்சின் மூன்றாம் வருஷமே செத்தது. எஞ்சின் இல்லாத வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடக்க, ஏசுஅடிமை கிளீட்டஸின் வள்ளத்தில் கூலிப் பங்குக்குப் போனான். கிளீட்டஸ் பங்கைச் சரியாகத்தான் கொடுத்தான். கூடவே தினமும் ஒரு வார்த்தையும் கொடுத்தான்.

"வள்ளத்து முதலாளி வந்தாச்சா? ஏறும் ஓய், முதலாளி!"

ஏசுஅடிமை தலையைக் குனிந்துகொண்டு ஏறுவான். அதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு மனைவியின் வயிறு எப்படி எரியும்! தன் புருஷன் சொந்த எஞ்சினில் ஒருநாள் கடலுக்குப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகவே சீட்டுப் போட்டாள். சீட்டும் விழுந்தது. ஆனால் புது எஞ்சினுக்கு அது எட்டவில்லை.

அப்போதுதான் மகள் பிரிஜா அந்த வார்த்தையைச் சொன்னாள். திங்கள்சந்தையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை செய்கிறவள் அவள். வருஷம் இரண்டாயிரத்து ஒன்பது.

"அம்மா, கம்ப்யூட்டர்லயும் ஏலம் உண்டு கேட்டியா. பழைய அவுட்போர்டு எஞ்சின் ஒண்ணு போட்டிருக்கு."

ஏலம் என்றதும் குளோரி எழுந்து நின்றுவிட்டாள். சென்டருக்கே போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விலை கேக்கது ஆரு? ஆளைக் காட்டு."

"ஆளு தெரியாதும்மா. ஒரு பேரு மட்டும் வரும். அதும் சொந்தப் பேரு இல்ல."

"மொகம் தெரியாத ஏலமா? வெளங்கும்!"

ஆனாலும் விலை கேட்டாள். கடைசியில் யாரோ ஒருவர் அவள் விலைக்கு மேலே கேட்டு எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள்.

மறுநாள் பிரிஜாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்து போன் எண் கேட்டது; அவள் தாயின் எண்ணைக் கொடுத்தாள். அதற்குப் பின்னாலேயே தொலைபேசி. எவ்வளவு மரியாதையான குரல் தெரியுமா அது! பெற்ற தாயிடம் பேசுவதுபோல் பேசியது.

"அம்மா, எஞ்சின் விக்கிறவன் பேசறேன். ஏலம் எடுத்தவர் பின்வாங்கிட்டார். அடுத்த விலை உங்களோடதுதான். உங்க விலைக்கே தர்றேன். தளத்து வழியா போனா தரகு பிடிப்பாங்க. நேரா என் கணக்குல பாதி போடுங்க. லாரியில ஏத்தினதும் மீதி."

இந்தப் பேச்சு வேறு எந்த ஊர்க்காரர் காதில் விழுந்திருந்தாலும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். குளோரிக்கு வரவில்லை. ஏன் தெரியுமா? அவள் கரையில் அதுதான் வழக்கம். ஏலம் எடுத்தவன் காசு போதாமல் பின்வாங்கினால் மறுபடியும் ஏலம் கூறுவதில்லை. அவனுக்கு முன்னால் கடைசியாக விலை சொன்னவர் யாரோ, அவருக்கே அந்த மீன், அவர் சொன்ன விலைக்கே. குளோரிக்கே அப்படி எத்தனையோ முறை நெய்மீன் கிடைத்திருக்கிறது. 'அடுத்த விலை உங்களோடது' என்ற வார்த்தை அவளுக்கு வேதவாக்கு மாதிரி கேட்டது.

பிரிஜாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "அம்மா, தளத்துக்கு வெளிய பைசா குடுக்கப்பிடாதுன்னு செவப்பு எழுத்துல போட்டிருக்கு. இவரு பேசுத நம்பரு அதுல இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"ஏட்டி, ஏலக்காரன் அப்பிடித்தான் எழுதுவான். அவனுக்குத் தரகு போயிருமில்லா? இஸ்ரவேலு மாத்திரம் என்ன, தரகு இல்லாம வித்தா கொல்லல்லவா வருவாரு?"

பாதிப் பணம் போனது. மறுபாதியை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு லாரிக்காகக் காத்திருந்தாள் குளோரி. ஏசுஅடிமை கவிழ்ந்து கிடந்த வள்ளத்தைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துக் கழுவினான். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவன் சீட்டியடித்ததை அன்று கேட்டதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

போனில் பேசிய பாவிப்பயல்! அந்தச் சீட்டி ஒலியையும் சேர்த்தல்லவா அவன் தின்றான்!

அந்த வெள்ளிக்கிழமை ஏலத்தில் களியக்காவிளை வியாபாரி செல்வதாஸ் நல்ல உற்சாகத்தில் இருந்தார். கேரளாவுக்கு ஐஸ் வண்டியில் மீன் கொண்டுபோகிறவர். குளோரியோடு ஏலத்தில் மல்லுக்கு நிற்கும் ஒரே ஆள்.

"இன்னைக்கு நீயே எடுத்துக்கோ குளோரி. எனக்குப் பைசாவுக்கு வேற சோலி உண்டு. எனக்க தம்பிக்கு ஒரு எஞ்சின் வாங்குதேன்."

"எங்கின?"

"கம்ப்யூட்டர் ஏலத்துல. கிட்டாம போச்சுன்னுதான் நெனச்சேன். எடுத்தவன் பின்வாங்கிட்டானாம். அடுத்த ஆளு நான்தான்னு அவனே விளிச்சுச் சொன்னான். நல்ல மனுஷன்."

குளோரியின் கையிலிருந்த பாத்திரம் மணலில் விழுந்தது.

பின்வாங்கினவனுக்கு அடுத்தவர் ஒருவர்தான் இருக்க முடியும். இரண்டு பேர் எப்படி? கரையில் இது நடக்குமா? நடக்காது. எல்லோரும் மீனைச் சுற்றி நிற்கிறோம், யார் கேட்டார், யார் பின்வாங்கினார் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இஸ்ரவேல் இரண்டு பேரிடம் 'நீதான் அடுத்த ஆள்' என்று சொன்னால் அந்த மணலிலேயே அவரைப் புதைத்துவிடுவார்கள். கம்ப்யூட்டருக்குள் யார் யாரைப் பார்த்தார்கள்!

குளோரி தன் போனை எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள். ஏலம் நின்றது.

"சாரே, மிச்சப் பைசா ரெடி. ஒரு சம்சயம். என்னத் தவிர வேற ஆருக்கும் நீரு வாக்குக் குடுக்கல்லியே?"

"ஐயோ, இல்லம்மா. உங்ககிட்ட மட்டும்தான் பேசினேன். சீக்கிரம் போட்டீங்கன்னா இன்னைக்கே லாரி."

தன்னை அழைத்த அதே குரலைக் கேட்டதும் செல்வதாஸின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. போனைப் பிடுங்கினார். "எடா கள்ளா! அப்பம் நான் ஆருடா?"

இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தார்கள். அந்த எண்ணில் அதற்குப் பிறகு யாரும் எடுக்கவே இல்லை.

பிறகு கிளீட்டஸின் குரல்.

"முதலாளிச்சி, எஞ்சினு கப்பல்லயா வருது?"

குளோரி குனிந்து ஒரு சாளை மீனை எடுத்து வீசினாள். அது அவன் நெஞ்சில் பட்டுச் சறுக்கி விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு எப்படி வரும்?

"படிச்ச பிள்ளைதான பிரிஜா? அதுக்கு இதுகூடத் தெரியல்லியா?" என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"எனக்க மோளைச் சொல்லாத!" குளோரி அலறினாள். "அவ தலைபாடா அடிச்சுக்கிட்டா, வேண்டாம்னு. நான்தான் கேக்கல்ல. ஏலத்துல எனக்குத் தெரியாதது என்னன்னு இருந்தேன். திட்டணும்னா இந்தா நிக்கேன், என்னைத் திட்டு!"

அன்றே காவல் நிலையத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "நீங்களா விரும்பி அனுப்பினதுதானே?" என்றார்.

"கத்தியக் காட்டினாத்தான் களவா சாரே? பொய்யக் காட்டினா களவு இல்லியா?"

புகாரை எழுதி வாங்கும்வரை குளோரி பெஞ்சை விட்டு அசையவில்லை. பிரிஜா மின்னஞ்சலையும் வங்கி ரசீதையும் கொண்டுவந்து கொடுத்தாள். செல்வதாஸும் கையெழுத்துப் போட்டார். வங்கியில் அந்தக் கணக்கு துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. ஏலத் தளத்துக்காரர்கள் பதில் எழுதினார்கள்: பேசியவன் விற்றவனே இல்லை. எஞ்சினை முதலில் எடுத்தவர் பின்வாங்கவும் இல்லை. பணம் கட்டி எப்போதோ கொண்டுபோய்விட்டார். தோற்றவர்கள் தளத்தில் வைத்திருந்த பெயர்களிலேயே மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்து வலை வீசிய எவனோ ஒருவன்! பாதிப் பணம் போனது போனதுதான்.

மறுநாள் காலையில் ஏசுஅடிமை வலையை எடுத்துத் தோளில் போட்டான்.

"எங்கின போறீரு?"

"கிளீட்டஸுக்க வள்ளத்துக்கு."

"அந்த நாயி இன்னைக்கும் முதலாளின்னு விளிப்பான்."

"விளிக்கட்டும். வயிறு கேக்குமா?"

அவன் போன பிறகு குளோரி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு நேராகத் திங்கள்சந்தைக்குப் போனாள்.

"ஏட்டி பிரிஜா, அந்தக் கம்ப்யூட்டரைத் தொற. மறுபடியும் ஏலம் கேக்கப் போறேன்."

"அம்மா! ஒனக்குப் பைத்தியமா?"

"கள்ளன் ஒருத்தன் நிக்கான்னு ஏலத்துக்குப் போவாம இருப்பமா? இந்த வாட்டி நீ சொல்லு, நான் கேக்கேன்."

மகள் சொன்னாள், தாய் கேட்டாள். விற்கிறவரிடம் முன்பு வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னாள். போய்ப் பார்க்க முடியாத தொலைவில் இருப்பவனை விட்டுத் தள்ளினாள். தளத்துக்கு வெளியே பேசலாம் என்றவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கையில் மிஞ்சிய பணத்துக்கு ஏற்ற சின்ன எஞ்சின் ஒன்று கடைசியில் கேரளத்து நீண்டகரையில் கிடைத்தது. பணத்தைத் தளத்தில்தான் கட்டினாள். பொருள் சரி என்று வாங்கினவர் சொன்ன பிறகே விற்றவர் கைக்கு அது போகும்.

புருஷனையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனாள். விற்கிறவர் அனில்குமார் என்ற மலையாளி. நல்ல மனிதர். தேநீர் வாங்கிக் கொடுத்தார். எஞ்சினைச் சாக்கில் கட்டித் தயாராக வைத்திருந்தார்.

"ஏற்றிக்கலாம் சேச்சி. ஒரு குழப்பமும் இல்லா."

"சாக்கை அவுரும். தண்ணியில எறக்கும். ஓடட்டும், பாக்கேன்."

அவர் முகம் வாடியது. "சேச்சிக்கு என்னெ விசுவாசம் இல்லே?"

"இல்ல," என்றாள் குளோரி. "எனக்க ஆண்டவரை விசுவாசிக்கேன். ஒம்ம எதுக்கு விசுவாசிக்கணும்? எறக்கும்."

ஏசுஅடிமை கூச்சத்தில் நெளிந்தான். "ஏட்டி, மரியாதையாப் பேசு."

"மரியாதையாப் பேசினவன்தான் எனக்க பைசாவைக் கொண்டுபோனான். நீரு சும்மா இரும்."

படகுத்துறையில் ஒரு வள்ளத்தில் மாட்டி எஞ்சினை இறக்கினார்கள். ஏசுஅடிமை கயிற்றை இழுத்தான். இருமியது. மறுபடி இழுத்தான். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு அது பிடித்தது. தண்ணீர் நுரைத்துச் சீறியது. ஏசுஅடிமை அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோல் திரும்பிப் பார்த்தான். அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"இப்போ சரியாயில்லே? பொருள் சரி, பைசா விடுன்னு மகள்கிட்ட போன்ல சொல்லலாமில்லே?" என்றார் அனில்குமார்.

குளோரி போனைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"ஓடட்டும்," என்றாள். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."