சயா மாணிக்கம் எழும்பிய உயரம்

தகவல் எனக்கு ரங்கூனுக்கு அக்கரையில் இருக்கும் டாலா படகுத்துறையில் கிடைத்தது. வியாழக்கிழமை காலை. கையில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கிய தூக்குச்சட்டியோடு படகைவிட்டு இறங்கினேன். சயாவின் வீட்டுக்கு என்னை எப்போதும் ஏற்றிச் செல்லும் ரிக்‌ஷாக்காரர் சின்னையா, வண்டியைத் திருப்பாமல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரோசிக்கா, விடியக்காலையில சயா போயிட்டாரு. நெஞ்சுவலின்னு சொல்றாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாசல்ல ரெண்டு பேரு நாற்காலி போட்டு ஒக்காந்திருக்கானுங்க. வர்றவங்க பேரையெல்லாம் எழுதுறானுங்க. நீங்க பேசாம அடுத்த படகுலயே திரும்பிப் போயிருங்க. நான் உங்களப் பாக்கவே இல்ல."

என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தோரு வருடம் அந்த மனிதருக்குப் பியானோ வாசித்தவள் நான். ஆற்றைத் தாண்டி வந்துவிட்டு முகம் பார்க்காமல் திரும்புவதா? "வண்டிய எடுங்க சின்னையா, சும்மா பயங்காட்டாதீங்க" என்றேன். பயம் எனக்கும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? வாசலில் பெயர் கேட்டார்கள். சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். ஆகையால் இந்தக் கட்டுரையில் என் பெயரை மறைத்துப் பயனில்லை. வேறு சிலரின் பெயரை மறைத்திருக்கிறேன். தமிழில் எழுதுவதில் ஒரு வசதியும் இருக்கிறது. எங்கள் வட்டார அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆளும் போன மழைக்காலத்தில் மலேசியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஊ மாணிக்கம் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஊ என்றால் திரு, சயா என்றால் ஆசிரியர். ஆனால் அவரிடம் ஒரு நாளும் படிக்காத டீக்கடைக்காரர்கூட அவரை சயா என்றுதான் அழைத்தார். டாலாவில் பிறந்தவர். தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுவதில் முதலாவதாக வந்தார் என்பதற்காக, பதினேழு வயதில் அவரை பாலே நடனம் படிக்க ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். கப்பல் இன்ஜின் வேலை கற்றுக்கொள்ளப் போகிறான் என்றே வீட்டில் கடைசிவரை நினைத்திருந்தார்கள். ஆறு வருடம் கழித்துத் திரும்பிவந்து முதல் ஆட்டம் ஆடிய அன்று, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார் ஊருக்கே கேட்கும்படி, "ஏண்டா, இந்த ஒட்டின காச்சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கவா ஆறு வருசம்?" என்றாராம். இதை சயா நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் தானே முதலில் சிரிப்பார்.

அந்த அம்மாளே மறுநாளும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

சயா குதித்த குதிப்பைப் பற்றித்தான் ரங்கூன் முழுக்கப் பேச்சு. மேலே போனவர் இறங்க அவசரப்பட மாட்டார் என்பார்கள். அவருடைய மேடை வாழ்வின் கடைசி இரண்டு வருடங்களை நானும் பார்த்திருக்கிறேன், பேச்சு பொய்யில்லை. ஆனால் அவருடைய கலை குதிப்பில் இல்லை. குதிப்பதற்கு முன்னால் சும்மா நிற்பாரே, அதில் இருந்தது. அவர் நின்றால் பார்க்கிறவருக்கு வேறு எங்கேயும் கண் போகாது.

இதற்கு என் கணவரே சாட்சி. காலஞ்சென்ற என் கணவர் அந்தோணி சயா ஆடிய அரங்கத்தில் காட்சித் தட்டிகளைத் தூக்கி வைக்கிற வேலையில் இருந்தார். ஒரு சமயம் திரை இழுக்கும் இயந்திரம் கெட்டுப்போய் ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் அதைச் சரிசெய்யவில்லை. காட்சி மாற்றுவது எப்படி என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது சயா சொன்னாராம்: "நான் முன்னாடி நிக்கிறேன். நீங்க பின்னாடி உங்க வேலையப் பாருங்க." விளக்கு எரிய எரிய, ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்க, அந்தோணியும் மூன்று பேரும் ஓர் அரண்மனையையே தோளில் வைத்து வெளியே கொண்டுபோய்விட்டுக் காட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் ஜனங்கள், "காடு எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்கள். "யானைய ஓட்டிட்டுப் போயிருந்தாலும் எவனும் பாத்திருக்க மாட்டான் ரோசி" என்று அந்தோணி என்னிடம் சொன்னார்.

சயா இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். "காலு ஆடும், கையி ஆடும், அதெல்லாம் அப்புறம். எதிர்ல ஒக்காந்திருக்கவன் கண்ண முதல்ல வாங்கணும். வாங்கின கண்ணத் திருப்பிக் குடுக்கக் கூடாது, நாம முடிக்கிற வரைக்கும்."

நாற்பத்தாறு வயதில் முழங்கால் போயிற்று. அதோடு மேடையை விட்டார். ரங்கூனின் லத்தா வட்டாரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடிக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து வகுப்பு தொடங்கினார். கோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த என்னைப் பியானோவுக்குக் கூப்பிட்டார். முதல் நாளே, "இது வால்ட்ஸா, சவ ஊர்வலமா?" என்று எல்லார் முன்னிலும் கேட்டார். நான் பியானோவை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். படிக்கட்டுவரை ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். மறுநாள் திரும்பவும் அதையே கேட்டார். அவரிடம் படித்தவர்கள் இன்று பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் ஆடுகிறார்கள். அவர்களில் யாரையாவது பார்த்தால், ஆடத் தொடங்குமுன் ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பதைக் கவனியுங்கள். அது சயா கொடுத்தது. என் ஒரே மகனையும் அவரிடம்தான் விட்டேன்.

பிறகு நாட்கள் கெட்டுப்போயின. எப்படிக் கெட்டன என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படைக்கு ஆள் எடுக்கப் பட்டியல் வந்தது. வீட்டில் யார் தூங்குகிறார்கள் என்று பார்க்க வந்தார்கள். பேருந்து நிறுத்தங்களில் வாலிபர்களைக் காணோம். எங்கள் வகுப்பிலும் ஆண்கள் ஒவ்வொருவராகக் குறைந்து ஏழு பேர் ஆனார்கள். என் மகனுக்கு இருபத்துமூன்று வயது. பட்டியலில் அவன் பெயர் இருந்தது.

அந்தச் சமயத்தில் சயா ஒரு கிறுக்கு வேலை தொடங்கினார். ஆடுபவர்கள் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யும் நீளமான கட்டைக்கு பார் என்று பெயர். எங்கள் கூடத்தில் கால் வைத்த கனமான பார்கள் மூன்று உண்டு. வகுப்பு முடிந்ததும் அந்த ஏழு பேரும் அவற்றைத் தூக்கிக்கொண்டு, என் பியானோவுக்குப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போக வேண்டும். இசைக்கு ஏற்ற நடை, தரையில் சத்தம் கூடாது, எவரும் அவசரப்படக் கூடாது. ஒரு பாருக்கு இரண்டு பேர். மிஞ்சிய ஏழாவது ஆள் தரை துடைக்கும் வாளியை எடுத்துப் போக வேண்டும். அது என் மகன். வாரக்கணக்கில் இதே கூத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாமான் தூக்கவா சயா எம் புள்ளைய உங்ககிட்ட விட்டேன்?" என்று கேட்டேன். "ஒம் புருசன் தூக்கலியா?" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கதவு சாமான் அறைக்குப் போவதுபோல் தோன்றும். அதற்குள்ளே இருப்பது பின்சந்தில் இறங்கும் இரும்புப் படிக்கட்டு.

வந்தார்கள். பட்டப்பகலில், மூன்று மணிக்கு. நான்கு பேர் மேலே ஏறி வந்தார்கள். முன்வாசலில் இன்னும் சிலர் நின்றார்கள். மூத்தவர் கையில் பட்டியல். "ஆம்பளைங்க எல்லாம் அடையாள அட்டையோட வரிசையா நில்லுங்க" என்றார்.

சயா கும்பிட்டார். நாற்காலிகள் போடச் சொன்னார். "வந்தது வந்தீங்க. பத்து நிமிஷம் ஒக்காருங்க. முப்பது வருஷமா நான் ஆடல. உங்களுக்காக ஆடுறேன். அப்புறம் அட்டை பாக்கலாம், யாரும் எங்கயும் போயிடல" என்றார். மூத்தவரின் முகம் சற்று இளகியது. சின்னப் பையனாக இருந்தபோது தாயார் தன்னை அரங்கத்துக்குக் கூட்டிப்போய் சயாவைக் காட்டியதாகச் சொன்னார். உட்கார்ந்தார். மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள்.

"ரோசி, கடைசி ஆட்டம்" என்றார் சயா. அவர் மேடையில் கடைசியாக ஆடிய தனி ஆட்டத்தின் இசை அது. கூடத்தில் அதை வாசிக்க என்னை அவர் ஒருநாளும் விட்டதில்லை. வீட்டில் நான் திருட்டுத்தனமாக வாசித்துப் பார்ப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எழுபத்தெட்டு வயது மனிதர், சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அவர்கள் எதிரே போய் நின்றார். சும்மா நின்றார். பிறகு வலது கையை மட்டும் உயர்த்தினார். அவ்வளவுதான். நாலு பேர் கண்ணும் அவரிடம் போய்விட்டது. அவருக்குப் பின்னால், முழு வெளிச்சத்தில், முதல் பார் எழும்பியது. இரண்டு பேர் வெளியே. இரண்டாவது பார். மூன்றாவது. என் பக்கத்துக் கதவைத் தாண்டி ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் வாளியோடு என் மகன். என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சயா சொல்லியிருப்பார்.

நான் பார்த்தேன். அவன் முதுகைப் பார்த்தேன். என் இடது கை நின்றுபோயிற்று.

இசை அறுந்ததும் அவர்களில் இளையவன் தலையைத் திருப்பினான், பியானோவின் பக்கம், கதவின் பக்கம். அந்தக் கணத்தில்தான் சயா குதித்தார். அவர் எழும்பிய வேகத்தில் அவன் தலை மறுபடி அவர் பக்கமே போயிற்று. பிறகுதான் பாதம் தரையில் வந்து விழுந்த சத்தம் கேட்டது. என் கையும் ஓடத் தொடங்கியது. முடித்துவிட்டு அவர் குனிந்து வணங்கியபோது, எங்கள் ஆட்களில் நானும், பயத்தில் தலை குனிந்து சுவரோரம் நின்ற ஐந்து மாணவிகளும், அவரும் மட்டுமே கூடத்தில் இருந்தோம்.

சயாவைக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, வியாழக்கிழமையன்று, நான் அவர் காலடியில் உட்கார்ந்து, "நான் ஒழுங்கா வாசிச்சிருந்தா நீங்க குதிச்சிருக்க வேணாமே சயா" என்று அழுதேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அத விடு. எவ்வளவு ஒசரம் போனேன்? சொல்லு" என்றார். சின்னப் பிள்ளையின் ஆசை முகத்தில்.

"ரொம்ப ஒசரம் சயா."

"பொய்யி. நீ கதவைத்தான் பாத்துக்கிட்டிருந்தே." சிரித்தார். "பாக்கணும். பெத்தவதானே. ஆனா என் கடைசிக் குதிப்ப எங்காளு ஒருத்தர்கூடப் பாக்கல பாரு." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

டாலா வீட்டில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் நாற்காலி போட்டிருந்த இருவரில் ஒருவன் எழுந்து என்னோடு நடந்தான். அன்று தலையைத் திருப்பிய அந்த இளையவன். மரியாதையாகத்தான் பேசினான், பர்மிய மொழியில், பெரிய பெண்களை அழைக்கும் 'டோ' போட்டு.

"டோ ரோசி, வாளி எடுத்துட்டுப் போனவர் உங்க மகன்தானே?"

நான் நடையை நிறுத்தவில்லை. தூக்குச்சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அவன் தன் கையைத் தட்டையாக வைத்து, நெஞ்சுக்கு நேரே பிடித்துக் காட்டினான். "அவர் பாதம் இவ்வளவு மேல போச்சு. இந்த வயசுல. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல." எதைச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. "திங்கட்கிழமை மூணு மணிக்குக் கூடத்துக்கு வர்றேன். நீங்க வழக்கம்போல வாசிச்சிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனான்.

மகனிடமிருந்து இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. நாளை திங்கட்கிழமை. அவன் எங்களைப் பிடிக்க வருகிறானா, அந்தக் கதவு வழியாகத் தானும் போய்விட வருகிறானா, எனக்குத் தெரியாது.

சயா, நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் தெரியும்: அவன் நெஞ்சு உயரம். அதை வந்து சொல்ல உங்கள் வீட்டில் நீங்கள் இல்லை. நாளை மூன்று மணிக்கு நான் அந்த இசையைத் தப்பில்லாமல் வாசித்தாக வேண்டும். இனி என் கை நின்றுபோனால் குதிப்பதற்கு ஆளில்லை. போய் வாருங்கள், சயா.