கை தூக்கினால் நிற்கும் பஸ்

மஞ்சக்குட்டை பஸ்ஸுக்கு அன்று டிரைவர் புதிது. சாலையோர மளிகைக்கடை வாசலில் ஒரு பெண் வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் பிரேக் போட்டுவிட்டார்.

“சீக்கிரம் ஏறுங்க” என்றார் கண்டக்டர்.

“நா பஸ்ஸுக்கு வல்லீங்க. வலிச்சாக் கைய மேல தூக்கிக்கச் சொல்லி டாக்டரு சொன்னாருங்க” என்று அந்தப் பெண் சிரித்தார்.

முப்பது வயதிருக்கும். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர் என்று முகம் சொன்னது. முன்கையில் ரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்டு, நாவல்பழக் கொத்துபோல் ஒரு நீல வீக்கம். அதுவும் கூடவே பிறந்ததாம். பஸ்ஸிலிருந்த எங்களுக்காகக் கையைத் தொங்கவிட்டார், கொத்து புடைத்தது. தூக்கினார்; வற்றிப்போனது.

“காணாமப் போச்சு பாத்தீங்களா!”

பஸ்ஸே கைதட்டியது.

மறுநாளிலிருந்து அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நாங்களும் ஜன்னலோரம் கை தூக்கினோம். அவர் குதிப்பார். ஒருநாள் கடைக்குச் சரக்கு இறக்க பஸ் நின்றது. அவர் என் ஜன்னலுக்கு ஓடிவந்தார். முகத்தில் கவலை.

“ஏனுங்க, உங்களுக்கெல்லாங் கை நொம்ப வலிக்குதுங்களா?”

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

“கைய எறக்கிராதீங்க. செரியாப் போயிரும்.”

மஞ்சக்குட்டை வரும்வரை நான் இறக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், பஸ்ஸில் யாருமே இறக்கியிருக்கவில்லை.