பாதித் தொட்டிகளுக்குக் காற்று

அந்த முள் ஆடியதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை மோட்டார் ஒயரில் கவ்வ விட்டேன். முள் ஓரிடத்தில் நிற்காமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இரைச்சலும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. மூன்று ஒயரிலும் அதே ஆட்டம். செம்புக் கம்பிச் சுற்றான வைண்டிங்கில் கோளாறு என்றால் மூன்றில் ஒன்றாவது தனித்துக் காட்டிக்கொடுக்கும். மூன்றும் சேர்ந்து ஆடினால், சுற்றுகிற ரோட்டாருக்குள் இருக்கும் அலுமினியக் கம்பிகள் உடைந்திருக்கின்றன. செங்கல்பட்டில் மோட்டார் கட்டும் கடை வைத்திருக்கும் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மோட்டார் என்னுடையதல்ல, மச்சானுடையதும் அல்ல. மச்சான் என் மனைவியின் அண்ணன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஓர் இறால் ஹேச்சரிக்கு மேனேஜராக இருந்தார். தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் கண்ணிமை மயிர் அளவு. அந்த மோட்டார் சுற்றும் புளோயரிலிருந்து குழாய் வழியே தண்ணீருக்குள் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் செத்துவிடும். போன ஈடு முழுக்கச் செத்திருந்தது. இதுவும் போனால் இழுத்து மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் மச்சான் தன் ஊரிலிருந்து கூட்டிவந்த சனம்.

அந்தக் கரையில் எந்த மோட்டார் மக்கர் செய்தாலும் பழி உப்புக் காற்றின் மேல்தான். தகரப் பெட்டிக்குள் மோட்டாரை வைத்து, குண்டு பல்புகளை எரியவிட்டு, ஈரம் போகக் காயவைப்பார்கள். பெரும்பாலும் அது பலிக்கும், அதுதான் வம்பு. ஸ்பேர் மோட்டாரை அப்படிக் காயவைத்துக் காயவைத்தே ஓட்டி, கடைசியில் அது கருகி என் கடையில் கிடந்தது. புது வைண்டிங் போட்டாயிற்று, வார்னிஷ் காயச் சாயங்காலம் ஆகும்.

"ரோட்டாரு பூட்சு மச்சான். பாதிக் காத்த வெளிய தொறந்து வுடு. பளு கொறஞ்சா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். ஸ்பேர எடுத்தாந்து மாட்டிடறேன்."

"பாதி தொட்டிக்குக் காத்து வராதே."

"வராது."

"எந்தப் பாதிய சாவ வுடச் சொல்றே மாப்ள?"

நானே காற்றுக் குழாயின் வால்வைத் திறக்கப் போனேன். "இது உப்புக் காத்துதான். ஓடிகினு கீதுல்ல, ஓடட்டும். ஸ்பேர் வந்ததும் இத்தக் கயட்டி பல்பு போட்டுக்கலாம்" என்று மச்சான் வால்வுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கெஞ்சினேன், கத்தினேன். மனுஷன் அசையவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் உள்ளே தகரத்தைக் கிழிப்பது போல ஒரு சத்தம், பின்னாலேயே புகை. உடைந்த கம்பி நிமிர்ந்து வைண்டிங்கை அறுத்துவிட்டது. ஜெனரேட்டர் இருந்தது, கரண்டுக்குக் குறைவில்லை. சுற்றத்தான் மோட்டார் இல்லை. ஆளுக்கொரு வாளியை எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம், கொஞ்சமாவது காற்று கலக்கட்டும் என்று. எத்தனை தொட்டிக்கு ஊற்ற முடியும்? குஞ்சுகள் அடியில் சாம்பல் மாதிரி படிந்தன. எல்லாரும் ஓய்ந்த பிறகும் மச்சான் மட்டும் செத்த தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தார். வாளியைப் பிடுங்கப் போனேன், விடவில்லை. நான் வெளியே வந்து அழுதேன்.

ஹேச்சரி மூடப்பட்டது. அந்த மோட்டாரை என் கடையில்தான் பிரித்தேன். கரண்ட் போய்ப் போய் வரும்போதெல்லாம் முழுப் பளுவோடு ஸ்டார்ட் செய்ததில், ரோட்டாரில் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் விட்டுப்போயிருந்தன. ஈரம் என்று விரலில் ஒட்டக்கூட எதுவும் இல்லை.

இப்போது மச்சான் மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அவர் கூட்டிவந்த சனத்தில் பாதிப் பேர் இன்னமும் அவரோடு பேசுவதில்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் என் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது. போன வாரம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, அந்த மோட்டார நீதான பிரிச்சே. உள்ள ஈரம் இருந்துச்சா?"

எத்தனை நாளாக இந்த வாய் துறுதுறுத்துக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

"இருந்துச்சு மச்சான். நல்லா ஊறிப் போயிருந்துச்சு."

"நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.