மொட்டைத் தலையும் இஞ்சு டேப்பும்

மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காயும்போது ஒரு இழுப்பு இழுக்கும். ஈரத்துணியை மண்டையைச் சுற்றிக் கட்டி யாரோ மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே போவதுபோல இருக்கும். இத்தனை வருஷம் கழித்தும் சந்தன வாசனை வந்தால் எனக்குப் பக்தி வருவதில்லை, சபாபதி சார் ஞாபகம்தான் வருகிறது.

எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் எட்டாம் வகுப்பு படித்தேன். எங்கள் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். வேலூரில் விடுதியோடு இலவசமாகப் படிக்கவைக்கும் "ஸ்காலர்ஷிப் பரீட்சை" ஒன்றுதான் என்னைப் போன்ற பெண்ணுக்கு மேலே போகிற வழி. அது கிடைக்காவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று லாட்ஜில் வேலை பார்த்த அப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். நானோ பிறவியிலேயே கவலைப்படுகிறவள். பேனா மை பாதியில் தீர்ந்துவிடுமோ, பஸ் வேலூர் போகாமல் வேறெங்காவது போய்விடுமோ என்று சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மா என் முடியை அண்ணாமலையாருக்கு நேர்ந்துகொண்டாள். நினைத்தது நடந்த பிறகு முடி கொடுப்பதுதான் வழக்கம். "முன்னாடியே குடுத்துட்டா சாமி மறக்காதுடி" என்று சொல்லி, இடுப்பைத் தொட்ட முடியைப் பரீட்சைக்கு முன்பே இறக்கவைத்துவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போனால், சயின்ஸ் எடுத்த சபாபதி சார் கையில் தையல்கடை "இஞ்சு டேப்"போடு நிற்கிறார். வகுப்புக்கு நாலு பேரைத்தான் பரீட்சைக்கு அனுப்பலாமாம். மார்க்கைப் பார்த்திருந்தால் அந்த நாலில் நான் இருந்திருப்பேன். "மார்க்கு மனப்பாடம் பண்ணா வந்துடும். மூளை எவ்ளோ இருக்குன்றதுதான் விஷயம். ஃபாரின்லலாம் மண்டையத்தான் அளக்கறாங்க" என்றார். எந்த வாரப் பத்திரிகையின் துணுக்கில் அதைப் படித்தாரோ தெரியாது. வரிசையாக நிற்கவைத்து அளந்தார். எண்ணெய் வழியும் கிராப்புகள், ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய பின்னல்கள், எல்லாவற்றின் மேலும் டேப் சுற்றி வந்தது. என் முறை வந்தபோது சந்தனம் அவர் விரலில் ஒட்டியது. துடைத்துக்கொண்டே, "இன்னாம்மா, கம்மியா இருக்கே" என்றார்.

"சார், பொரி உருண்டை சார்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் "கம்மி மண்டை".

தினமும் காலையில் பாவாடை நாடாவை நெற்றியைச் சுற்றிக் கட்டிப் பார்ப்பேன். மண்டை சுருங்கிக்கொண்டே போகிறதோ என்று பயம். முதல் நாள் அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். சில வாரம் கழித்து நாடா அந்த முடிச்சுக்கு எட்டவில்லை. மூளை வளர்ந்துவிட்டது என்றே நம்பினேன், சத்தியமாக. ஆசிரியர்கள் அறைக்கு ஓடினேன். "சார், வளந்துடுச்சு சார். இன்னொரு வாட்டி அளங்க சார்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர் பக்கத்து வாத்தியாரைப் பார்த்துக் கண்ணடித்தார். "பேரெல்லாம் அனுப்பியாச்சும்மா. நீ போய் தையல் கத்துக்கோ. அதுக்கு இந்த மண்டை போதும்."

வேறென்ன செய்வது, ஒரு தையல்கடையில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். ஒருநாள் முந்தானைக்கு மேலேயே அளவெடுத்து நான் தைத்த ஜாக்கெட் தொளதொளவென்று நின்றது. "துணி மேல அளந்தா துணியையும் சேத்துதான்டி அளப்ப" என்று கடைக்கார மேரியக்கா திட்டினாள். கையில் ஊசியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களையெல்லாம் முடியோடு சேர்த்து அளந்திருக்கிறார்! சாமிக்குக் கொடுத்ததைத்தான் என் கணக்கில் குறைத்திருக்கிறார்!

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேண்டுதல்தான்: அந்த மனிதர் என் கையில் கிடைக்க வேண்டும்.

கிடைத்தார். எண்பதுகளில் செங்கம் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டிருந்தேன். மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க மனைவியையும் வரப்போகிற சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைத் தெரியவில்லை. தலை முழுக்க வழுக்கை. ஸ்டூலில் உட்கார்ந்து, "எங்க பொண்ணுக்கு என் மூளைங்க" என்று சம்பந்தியம்மாவிடம் அளந்துகொண்டிருந்தார்.

கழுத்திலிருந்த டேப்பை எடுத்தேன். "ஒரு நிமிஷம் அசையாதீங்க சார்" என்று சொல்லி, எல்லார் எதிரிலும் அவர் தலையைச் சுற்றிப் பிடித்தேன். "இன்னா சார், கம்மியா இருக்கே?"

தமாஷ் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்தார். "முடி கொட்டிப்போச்சேம்மா! முடி இருந்தா ஜாஸ்தி வரும்ல?"

"எனக்கும் அன்னைக்கு முடி இல்ல சார்."

சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னா கதை அது?" என்று சம்பந்தியம்மா ஆவலாகக் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். சார் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டுத்துணியை மடித்து அவர் மடியில் வைத்து, "உங்க வீட்டுத் துணி வேணாம் சார். என் மண்டைக்கு அது ஜாஸ்தி" என்றேன்.

காலேஜில் மனோதத்துவம் படித்த என் மகள் இப்போது எனக்கு விஞ்ஞானம் சொல்கிறாள்: திறமை என்பது மண்டையின் சுற்றளவில் இல்லையாம், பயிற்சியிலும் கிடைக்கிற வாய்ப்பிலும் வளருமாம், வாத்தியார் ஒரு பிள்ளையை எப்படி நினைக்கிறாரோ அதுவும் அந்தப் பிள்ளையை ஏற்றவோ இறக்கவோ செய்யுமாம். "இதை அப்பவே யாராவது அந்தாளுக்குச் சொல்லியிருக்கக் கூடாதாடி" என்றேன்.

அந்தப் பள்ளிக்கூடம் இடிந்து ஜவுளிக்கடை ஆகிவிட்டது. என் கடை இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கிறார்கள். சபாபதி சாரும் இல்லை. அம்மாவின் வேண்டுதலே என்னைத் தடுத்தது என்று அவளிடம் மட்டும் நான் சொல்லவேயில்லை. சாமி மறந்துவிட்டார் என்று நினைத்தபடியே அவளும் போய்ச் சேர்ந்தாள். அதற்கும் சேர்த்துத்தான் அந்த மனிதரை மன்னிக்காமல் இருக்கிறேன். என் முடி நரைத்துவிட்டதே தவிர, அடர்த்தி குறையவில்லை. தினமும் காலையில் சீப்பை எடுக்கும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன், நல்லவிதமாக அல்ல.