ரோமோவில் கடல் பின்பக்கமாக வந்தது

1986 யூலை. டென்மார்க்கில் தொழிற்சாலைகள் மூன்று கிழமை பூட்டிக் கிடக்கும் காலம். நாங்கள் அப்போது ஸ்கீவவில் இருந்தோம். இந்த நாட்டுக்கு வந்து ஒன்றேகால் வருடம். என் கணவர் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். கணவரின் பெயரை எழுதிப் பழக்கமில்லை, அதனால் கட்டுரை முழுக்க ‘இவர்’தான். மகள் ஷாலினிக்கு அப்போது பதினான்கு மாதம்.

இவருடைய மேற்பார்வையாளர் பென்ற் ஒவ்வொரு கோடையும் தன் ஓட்டோகம்பரில் இத்தாலியின் கரையோரமாகப் போய்வருபவர். ஓட்டோகம்பர் என்றால் வீடும் வாகனமும் ஒன்றாய்: உள்ளே இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, சின்னக் கக்கூஸ். அந்த வருடம் அவருடைய மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. “சும்மாதானே நிற்கிறது, நீங்கள் கொண்டு போங்கள்” என்று திறப்பை மேசையில் வைத்தார். ஊரில் ஒன்றாய்ப் பிறந்தவனிடம் சைக்கிள் கேட்டாலே ஆயிரம் கேள்வி வரும். இந்த மனிதன் நாலு மாதப் பழக்கத்தில் வீட்டையே நாலு சில்லோடு தூக்கித் தருகிறார்.

இத்தாலிக்குப் போக எங்களிடம் பயணப் பத்திரம் இல்லை. ஜேர்மன் எல்லையையே தாண்ட முடியாது. அதனால் டென்மார்க்கின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே, எல்லைக்குக் கிட்ட உள்ள ரோமோத் தீவுவரை போய்த் திரும்புவது என்று முடிவு. ஆறு நாள் பயணம். இவர் மன்னாரில் லொறி ஓடியவர், டேனிஷ் லைசென்சும் அந்த வசந்தத்தில்தான் எடுத்திருந்தார். நான் பத்துக் கிலோ அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் ஏற்றினேன். ஆறு நாளுக்குப் பத்துக் கிலோ ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

திங்கள் காலை 8.20க்கு வெளிக்கிட்டோம். ஹொல்ஸ்டபுரோ சுமார் 45 கிலோமீற்றர். அங்கிருந்து கடற்கரைக்கு இன்னொரு 40. பிறகு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மெல்லிய நிலத்தில் ரோட்டு. வீடசானவை அடைய மாலை நாலு. முகாமிடும் இடத்தில் ஓர் இரவுக்கு இரண்டு பெரியவர்களுக்கும் வாகனத்துக்குமாக 62 குரோனர் கொடுத்தோம். பிள்ளைக்குக் காசில்லை, சுடுதண்ணீர்க் குளிப்புக்குத் தனியாக இரண்டு குரோனர். இரவு பத்தரைக்கும் வெளிச்சம். பிள்ளை நித்திரை கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் தெற்கே போகும்போது, நல்ல கரையாய் இருக்கிறதே என்று மணல்மேடு ஏறி எட்டிப் பார்த்தோம். கீழே ஒருத்தர் உடம்பிலும் துணியில்லை. ஆண், பெண், வயது போனவர்கள், எல்லோரும் பிறந்த மேனிக்கு, கையில் கோப்பிக் குடுவையோடு. இவர் டக்கென்று திரும்பி, வந்த வழியே இறங்கினார். “என்னப்பா, கடல் பாக்கேல்லையோ?” என்றேன். “நான் கடல் பாத்தனான்” என்றார். அந்தக் கரை இன்னும் அப்படித்தான். குடும்பமாகப் போகிறவர்கள் அறிவித்தல் பலகையை வாசித்துவிட்டு மேடு ஏறுங்கள்.

மூன்றாம் நாள் ரீப. பழைய நகரம், பெரிய தேவாலயம். அங்கே ஒரு கோப்பிக் கடை வாசலில் மூன்று பிள்ளை வண்டில்கள். மூன்றுக்குள்ளும் பிள்ளைகள், நல்ல நித்திரை. தாய்மார் கடைக்குள்ளே கேக் சாப்பிடுகிறார்கள். ஸ்கீவவிலும் கண்டிருக்கிறேன், இன்னும் பழகவில்லை. நான் அந்த வண்டில்களுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் காவல் நின்றேன். ஒரு தாய் வெளியே வந்து, “என்ன, ஏதாவது உதவி வேண்டுமா?” என்று என்னைக் கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. நான்தான் பட்டிக்காடு, இந்தப் பயத்தை விடவேண்டும் என்று அன்று முடிவெடுத்தேன்.

நாலாம் நாள், வியாழன். ரீபயிலிருந்து ஸ்கெயபெக் 24 கிலோமீற்றர். அங்கிருந்து கடலுக்குள்ளே போட்ட நீண்ட அணைவீதியால் தீவுக்குப் போகவேண்டும். தீவின் தெற்குக் கரையில் வாகனத்தை மணலிலேயே ஓடலாம். மணல் தார் ரோட்டுப் போல் இறுகிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெளி. நேரம் பன்னிரண்டு.

மற்ற வாகனங்கள் எல்லாம் மேட்டுப் பக்கமாக, தண்ணீரிலிருந்து அரைக் கிலோமீற்றர் தள்ளி நின்றன. இவர் நேரே தண்ணீர் விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“ஏன் இவ்வளவு கிட்ட?” என்று கேட்டேன்.

“இஞ்சேரும், கடல் பாக்க வந்திட்டு வயலுக்கை நிக்கிறதோ? அதுகளுக்குக் கடல் தெரியாது.”

இவர் மன்னார்ப் பேசாலையான். தகப்பன் ஐந்து வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. கடலைப் பற்றி யாழ்ப்பாணத்தாளான நான் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் கலியாணத்தின் எழுதாத சட்டம். மன்னாரில் கடல் வற்றினாலும் பெருகினாலும் முழங்கால் அளவுதான். வள்ளத்தை எங்கே விட்டாயோ அங்கேயே கிடக்கும். வற்றுப்பெருக்கு என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சைக்குத்தான் படித்தேன்.

சோறும் கருவாட்டுக் குழம்பும் சமைத்துச் சாப்பிட்டோம். பிள்ளை கட்டிலில் நித்திரையாகிவிட்டது. கரையோரம் நடந்துவிட்டு இவர் ஓடி வந்தார், உள்ளங்கை நிறைய மட்டி. உயிர் மட்டி, ஊரில் பொறுக்குவது போலவே. டென்மார்க்குக்கு வந்து அந்த முகத்தை நான் கண்டதில்லை.

“வாரும், அங்கால மணல்திட்டியில குவிஞ்சு கிடக்குது. பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு வாறன்.”

“வேண்டாம், நித்திரை குழம்பினால் பின்னேரம் முழுக்க அழும். பத்து நிமிசந்தானே. டேனிஷ்காரர் வாசலில விடேல்லையோ?”

இதைச் சொன்னது நான். வாளியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன், பூட்டவில்லை. நேரம் 1.15.

போகும் வழியில் ஒரு பள்ளமான ஓடை. கணுக்கால் தண்ணீர். கடந்து திட்டியில் ஏறினோம். இவர் காலால் கிளறக் கிளற மட்டி வந்தது. விசிலடித்தார். எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வாகனம் அங்கேயே நிற்கிறது, தெரிகிறதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கடலையும் பார்த்தேன், முன்னால் அது தூரத்தில் அமைதியாகத்தான் கிடந்தது. பத்து நிமிடம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டியது தெரியவில்லை.

வாளி நிறைந்து நிமிர்ந்தபோது 2.35. எங்களுக்கும் வாகனத்துக்கும் நடுவே ஒரு ஆறு ஓடியது. நான் முதலில் இடம் மாறி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அந்த ஓடைதான். முன்னாலிருந்து வரும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கடல், ஓடை வழியாகச் சுற்றி, எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. வாகனத்தின் சில்லுகளுக்குக் கீழே தண்ணீர் மினுங்கியது.

“அந்தோனியாரே” என்றார் இவர். வாளி விழுந்தது.

அப்போதுதான் ஒரு பெண் தண்ணீருக்குள்ளால் நடந்துபோய் எங்கள் வாகனக் கதவைத் திறப்பதைக் கண்டேன். உள்ளே ஏறினாள். என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மேட்டுப் பக்கமாக நடந்தாள். காப்பாற்றுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. “பிள்ளையைக் கொண்டு போறாள்” என்று கத்தினேன். காற்று என் சத்தத்தை எனக்கே திருப்பித் தந்தது. பிள்ளையின் வாய் திறந்திருந்தது தெரிந்தது, அழுகை கேட்கவில்லை.

எனக்கு நீந்தத் தெரியாது. இவர் என் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். நெஞ்சுவரை தண்ணீர், யூலையிலும் ஐஸ். இழுவை காலை வாரியது. இரண்டு தரம் அமிழ்ந்தேன். எப்படி மறுகரை ஏறினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். முழங்காலுக்கு மேலே நனைந்த பாவாடையோடு நின்றாள். ஷாலினி அவளுடைய மேற்சட்டைக்குள் சுருண்டு விக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் உழவு இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிவரப் போயிருந்தார். மேட்டிலிருந்து தொலைநோக்கியால் பறவை பார்த்துக்கொண்டிருந்தவர்களாம். வாகனத்தின் கண்ணாடியில் இரண்டு சின்னக் கைகளைக் கண்டிருக்கிறார்கள்.

பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, அவள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். குரல் உயர்த்தவில்லை. “பிள்ளையைத் தனிய விட்டது யார்?” என்று டேனிஷில் கேட்டாள்.

எனக்குக் கேள்வி விளங்கியது. பதிலுக்கு டேனிஷும் தெரியும். அதற்கு முதல் இவர் சொன்னார், “நான்.”

அவள் இவரைத்தான் கண்டித்துப் பேசினாள். நீளமாகப் பேசினாள். இவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு நாளும் வாய் ஓயாத நான், பிள்ளையின் தலைமயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

உழவு இயந்திரம் வந்து சங்கிலி போட்டு இழுத்தது. பின்சில்லுகள் அச்சுவரை புதைந்துவிட்டன. மூன்றாம் தரம்தான் அசைந்தது. வந்தவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த நாளே ஸ்கீவவுக்குத் திரும்பினோம். இவர் இரண்டு நாள் வாகனத்துக்குக் கீழே படுத்து நல்ல தண்ணீரால் உப்புக் கழுவினார். பென்றிடம் விசயத்தைச் சொன்னபோது அவர் வாகனத்தைப் பார்க்கவே இல்லை. “பிள்ளை சுகமா?” என்றுதான் முதலில் கேட்டார்.

இனி, போகிறவர்களுக்கு. ஸ்கீவவிலிருந்து ரோமோவுக்கு நேர்வழி 200 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறையும். கரையோரமாகப் போனால் நாங்கள் ஓடியது 310. வற்றுப்பெருக்கு அட்டவணையை முகாமிடங்களில் ஒட்டியிருப்பார்கள், இப்போது கைத்தொலைபேசியிலும் பார்க்கலாம். பெருக்குத் தொடங்குமுன் கரைக்குத் திரும்பிவிடுங்கள். ஓடையைக் கடந்து திட்டிக்குப் போகாதீர்கள். உள்ளூர் ஆட்கள் எங்கே வாகனத்தை நிறுத்துகிறார்களோ அங்கேயே நிறுத்துங்கள். மட்டி வேண்டுமென்றால் கடையில் வாங்குங்கள். வண்டிலை வாசலில் விடும் தாய் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டடியில் இருக்கிறாள். அது வேறு, நான் செய்தது வேறு.

எங்கள் ஆட்கள் கூடுகிற இடமெல்லாம், புரொண்பியில் கலியாண வீடென்றாலும் ஓகூஸில் பிறந்தநாள் என்றாலும், சம்மாட்டி மகன் கடலுக்குள்ளே வாகனம் விட்ட கதை ஒருதரம் வரும். சொல்லுகிறவள் நான்தான். நன்றாகச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவேன். பிள்ளை உள்ளே கிடந்த கதையைச் சேர்த்ததில்லை. இவரும் ஒரு நாள்கூட இடையில் குறுக்கிட்டதில்லை; எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார்.

போன ஞாயிறு ஷாலினி தொலைபேசியில், வருகிற யூலை தன் மகனைக் கூட்டிக்கொண்டு ஓட்டோகம்பர் வாடகைக்கு எடுத்து ரோமோ போகப்போவதாக டேனிஷில் சொன்னாள். இரண்டு நாள் எனக்கு நித்திரையில்லை. அதன்பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வலைப்பூவில் போடமுதல் இவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண் கேட்டதையும் இவர் ‘நான்’ என்று சொன்னதையும் வாசித்து முடித்தேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இவ்வளவு காலமும் உமக்கு அது ஞாபகம் இல்லை எண்டெல்லோ நான் நினைச்சிருந்தனான்” என்றார்.