ஒன்பது கிலோவும் தொண்ணூறு நியூட்டனும்

நூற்பாலையில் நூலின் வலுவைச் சோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை. அங்கே விசை என்றால் சென்டிநியூட்டன்தான். பின்னல் எந்திரத்துக்குள் ஓடும் நூலின் இழுவிசை நான்கோ ஐந்தோ சென்டிநியூட்டன். பெரிய விசை வேண்டுமானால் பஞ்சுப் பொதி அழுத்தும் பிரஸ்ஸைப் பார்க்க வேண்டும். அதில் கிலோநியூட்டன் என்று பொறித்திருக்கும். ஒரு கிலோநியூட்டன் ஒரு லட்சம் சென்டிநியூட்டன். மெகாநியூட்டன் என்றால் பத்துக் கோடி. சாப்பாட்டு வேளையில் இப்படி மாற்றி மாற்றிப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு.

எங்கள் பக்கம் சென்டிநியூட்டன் என்று வாயால் சொல்பவர் குறைவு. கிராம் என்றே சொல்வோம். ஒரு கிராம் எடை இழுக்கிற இழுப்பு கிட்டத்தட்ட ஒரு சென்டிநியூட்டன். நூற்றுக்கு இரண்டுதான் குறையும். ஒற்றை நூலில் அந்த இரண்டை யார் பார்க்கிறார்கள்?

போன ஆடி மாதம் இரண்டாம் வியாழக்கிழமை, அதைப் பார்க்க வேண்டி வந்தது.

என் தங்கை பல்லடம் சாலையில் சின்ன பனியன் கம்பெனி நடத்துகிறாள். அதுவரை பிறருக்குத் தைத்துக் கொடுத்தவளுக்கு முதன்முறையாகச் சொந்தப் பெயரில் ஏற்றுமதி ஆர்டர் வந்திருந்தது. கைக்குழந்தைகளுக்கான உடை. அதில் துணியின் இருபுறமும் வைத்து அழுத்திப் பொருத்தும் ஸ்னாப் பட்டன்கள் தொண்ணூறு நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும். பட்டன் கழன்றால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்பதால் இதில் தயவு கிடையாது. ஆய்வகத்தில் ஒரு பட்டன் கழன்றாலும் மொத்தச் சரக்கும் நின்றுவிடும். அன்று மதியம் மூன்று மணிக்கு அங்கே போகவேண்டும்.

நான் விடுப்புப் போட்டுவிட்டுக் காலையிலேயே தங்கையின் கம்பெனியில் இருந்தேன். பட்டன் கொடுத்த காதர்பேட்டை பாயும் வந்திருந்தார். தைத்த உடை ஒன்றைக் கட்டிங் மேசைக்கு மேலே இரும்புக் குழாயில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதன் பட்டனைக் குறடு கவ்வியிருக்க, குறட்டில் ஒரு துணிப்பை தொங்கியது. பைக்குள் மளிகைக் கடையில் வாங்கி வந்த எடைக்கற்கள், ஒன்பது கிலோ. நூல்காரர்கள் கணக்குத்தான்: தொண்ணூறு நியூட்டன் என்றால் ஒன்பதாயிரம் சென்டி, ஒன்பதாயிரம் கிராம், ஒன்பது கிலோ. ஒரு வாரமாக இப்படித்தான் பட்டன்களைத் தேர்ந்திருந்தார்கள்.

"பாத்துக்கங்க தங்கச்சி, மலை மாதிரி நிக்குது" என்றார் பாய்.

ஆய்வகத்துப் பெண்ணிடம் நேரத்தை உறுதிசெய்யப் போன் செய்த தங்கை, பேச்சோடு பேச்சாக, "ஒம்போது கிலோதானுங்களே?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்ண்ணா, ஒம்போது கிலோ நூத்தி எம்பது கிராமாமா! நம்மளுது பத்தலையாமா!"

மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். சரிதான். நூலில் கண்ணுக்கே தெரியாத பேதம், பட்டனுக்கு வந்ததும் ஒரு கைப்பிடி ஆகிவிட்டது. இருபது டன் பிரஸ்ஸில் அதே பேதம் நாலு லட்சம் சென்டிநியூட்டன், ஏறக்குறைய நானூறு கிலோ என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அண்ணா, கணக்கு அப்புறம். நூத்தி எம்பது கிராமுக்கு என்ன இருக்குது?"

பாய் தன் பையிலிருந்து வறுத்த கடலைப் பொட்டலத்தை எடுத்தார். துணியின் எடை பார்க்கும் சின்னத் தராசில் வைத்தோம். கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"தின்னு கொறைங்க பாய்" என்றேன்.

"கூட இருந்தா நல்லதுதானுங்க. எம் பட்டன் மேல நம்பிக்கையில்லீங்களா?"

கடலை பைக்குள் போயிற்று. பத்து விநாடி. பட்டன் அசையவில்லை.

பாய் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. "இது ஒண்ணுதானுங்க பாய். ஒரு வாரமா தேர்ந்ததெல்லாம் கொறைஞ்ச எடையில தேர்ந்தது" என்றபடி பையைக் குறட்டோடு கழற்றி, கற்களையும் கடலையையும் மேசைமேல் கொட்டினாள். வெறும் பையும் குறடும் அவள் கையில் தங்கின. கையைச் சற்று மேலும் கீழும் ஆட்டினாள்.

"இதைய யாராச்சும் எடை போட்டீங்களா?"

ஒருவரும் போட்டிருக்கவில்லை. தராசில் வைத்தாள். முந்நூற்றுச் சொச்சம் கிராம்.

அந்த வாரம் முழுக்க பட்டன்கள் தாங்கியது ஒன்பது கிலோவை அல்ல, ஒன்பதேகாலுக்கும் மேல்! பாய் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப எங் கடலைய வீணா தூக்கில போட்டீங்க!" தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பொட்டலம் காலியாகும்வரை எவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மூன்று மணிக்கு ஆய்வகத்தில் எந்திரம் ஒவ்வொரு பட்டனாக இழுத்தது. தொண்ணூறு என்று திரையில் வந்து நின்றது, பட்டனும் நின்றது. கடைசிப் பட்டனும் தாங்கியபின், "பாஸுங்கக்கா" என்றாள் அந்தப் பெண்.

"இன்னுங் கொஞ்சம் இழுங்க கண்ணு. எதுவரைக்கும் போகுதுன்னு பாக்கறேன்."

"பாஸ் ஆனதுக்கப்புறம் எதுக்குங்கக்கா?"

"எனக்கோசரம்."

எண் நூறைத் தாண்டியது, நூற்றுப்பத்தைத் தாண்டியது. நூற்றுப் பதினாறில் துணி கிழிந்தது. பட்டனின் இரு பாதியும் கிழிந்த துணியை இறுகக் கவ்வியபடி குறட்டிலேயே இருந்தன.

தங்கை திரையைப் பார்த்தபடியே கம்பெனிக்குப் போன் போட்டாள். "பேக்கிங்க ஆரம்பிச்சிருங்க."