கண்டிக்குப் போய் என் பிறப்பைக் கணினியில் ஏற்றிய நாள்

பிறப்புச் சான்றிதழ் எடுக்க ஹேவாஹெட்ட பக்கத்திலிருந்து கண்டிக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொப்பியில் எழுதி, சனிக்கிழமை கம்ப்யூட்டர் கடையில் தட்டி இணையத்தில் போடுவேன். வீட்டில் தெரிந்தால் அப்பா கொப்பியை அடுப்பில் போட்டுவிடுவார். அதனால் எல்லாரும் படுத்த பிறகுதான் எழுதுகிறேன். என் பெயரையும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் எழுத மாட்டேன்.

நான் போனது போன செவ்வாய்க்கிழமை. பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை எழுத அடையாள அட்டை வேண்டும். அதற்கான விண்ணப்பங்களைப் புதன்கிழமை அனுப்பிவிடுவதாக அதிபர் சொல்லியிருந்தார். அதனுடன் பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதி இருக்க வேண்டும். அப்பாவின் அட்டை தொலைந்து இரண்டு வருடமாகிறது. போன மாதம் பக்கத்து லயத்து வரிசை வீட்டு மாமாவை அட்டை இல்லையென்று ராணுவக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். நாலு நாள் கழித்துத்தான் விட்டார்கள். எனக்கு இன்னும் பதினாறு ஆகவில்லை. அட்டை கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் பயமில்லாமல் போகக்கூடியவள் நான்தான் என்று முடிவானது. பயமில்லாமல் என்று அவர்கள் சொன்னார்கள்.

காலை 5.40 பஸ். கண்டிக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். யூனிஃபோர்மில் போங்கள், அது உதவும். கண்டக்டர் என்னைப் பார்த்து, “என்ன, பள்ளிக்கூடம் கண்டிக்கு மாத்திட்டாங்களா?” என்றார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். தலாத்துஓயா தாண்டியதும் சோதனைச் சாவடியில் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். எல்லார் கையிலும் அட்டை, என் கையில் அதிபரின் கடிதம். சிப்பாய் அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ரொட்டியை விரலால் தூக்கிப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிடம் போனது.

8.10க்குக் கண்டி. அலுவலகத்துக்கு நடந்தே போகலாம், பன்னிரண்டு நிமிடம். எந்த அலுவலகம் என்று போகிறவர்களுக்குத் தெரியும். அங்கே இப்போது எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றுகிறார்கள். முன்பு புத்தகத்தைப் பார்த்துக் கையால் பிரதி எழுதிக் கொடுப்பார்களாம். இப்போது கணினியில் இருந்தால்தான் பிரதி. யன்னலில் இருந்தவர் என் விவரத்தைத் தட்டிப் பார்த்து, சிங்களத்தில் “இல்லை” என்றார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அழக்கூடாது என்று சுவரில் இருந்த கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வூதியப் பகுதியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் தேத்தண்ணி குடிக்கப் போகும்போது என் சங்கதியைக் கேட்டார்.

“உங்கட தோட்டத்தில ஒருத்தரும் பிறக்கேல்லை எண்டு மெசின் சொல்லுது பிள்ளை. தேயிலை மட்டும்தான் முளைக்குதாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். தோட்டத்துப் புத்தகங்கள் தமிழில் எழுதப்பட்டவை. தட்டச்சு செய்கிற மூன்று பேருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் பிறகு பார்ப்போம் என்று கட்டி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

“நீங்க வந்து வாசிச்சுக் குடுக்கிறீங்களா சார்?”

“நான் அந்த அறைக்குள்ள போனா ஏன் எண்டு கேப்பினம். நீ சின்னப் பிள்ளை, நீ கேள். ஆனா நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாத.”

பின்பக்க அறை. கதவருகில் இருந்த தட்டச்சு அக்காவிடம், நானே வாசித்துச் சொல்லட்டுமா என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவள் அலுவலகப் பெரியவரிடம் போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் மத்தியானமாகிவிட்டது. பிறகு சாப்பாட்டு நேரம். இரண்டு மணிக்குத்தான் என்னை உள்ளே விட்டார்கள். கட்டுகளை அவிழ்த்து அவிழ்த்துத் தேடினேன். தூசியில் வெள்ளைச் சட்டை சாம்பலாகிவிட்டது. 3.20க்கு என் பக்கம் கிடைத்தது. அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், லயத்தின் இலக்கம் எல்லாம் ஊதா மையில் இருந்தன. நான் தமிழில் வாசித்துச் சிங்களத்தில் சொல்ல, அக்கா தட்டினாள். அம்மாவின் பெயருக்கு அவள் மூன்று முறை சிரித்தாள், கெட்ட சிரிப்பு இல்லை. அச்சிட்டுப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கி வந்து தந்தபோது 3.45. தாளில் சிங்களத்தில் இருந்த என் பெயரை எனக்கே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிந்தது.

“நங்கி, தங்கச்சி, வேற ஆள் இருக்கா? இப்ப சொன்னா அடிக்கலாம்,” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

புத்தகம் இன்னும் திறந்தே இருந்தது. காற்றாடிக் காற்றில் தாள் புரண்டு அடுத்த பக்கம் தெரிந்தது. செல்வி. என் வகுப்பில் என் பக்கத்தில் இருக்கிறவள். எனக்கு இரண்டு நாள் இளையவள். அவளுக்கும் அதே விண்ணப்பம், அதே புதன்கிழமை. கண்டிக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் இருந்தாள்.

4.15 பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டில்தான் சோதனைச் சாவடிக்கு வரும். வாசிக்க, தட்ட, கையெழுத்து வாங்க இன்னும் அரை மணி நேரமாவது ஆகும்.

“இல்லக்கா,” என்றேன்.

அவள் புத்தகத்தை மூடிக் கட்டினாள். நான் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. சாவடியில் யாரும் என்னைக் கேட்கக்கூட இல்லை.

புதன்கிழமை காலையில் செல்வி, “ஏய், என் பேரு அங்க இருந்திச்சாடி?” என்று கேட்டாள். “பாக்கலடி,” என்றேன். அவளுடைய விண்ணப்பத்தை அதிபர் தனியாக எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். “சரி விடு, ஒனக்காவது கெடச்சிச்சே,” என்று செல்வி என் கையைப் பிடித்தாள். அன்றிலிருந்து அவளோடு சாப்பிட உட்கார முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம். கணினியில் இல்லை என்று சொன்னால் யன்னலை விட்டு நகர்ந்து பின்பக்க அறைக்குப் போங்கள். எட்டரைக்கே கேட்டால் மத்தியானத்துக்குள் உள்ளே விடுவார்கள். தமிழ்ப் புத்தகங்கள் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் இருக்கின்றன. எங்கள் பக்கத்துப் புத்தகம் மேலிருந்து மூன்றாவது கட்டுக்குள் இருக்கிறது, பச்சை அட்டை, முதுகு கிழிந்தது. என் பக்கம் நாற்பத்தாறு. உங்களுடையதை வாசித்து முடித்ததும், தயவுசெய்து நாற்பத்தேழையும் வாசித்துக் கொடுங்கள்.